விலாங்குக் குஞ்சுக்கு என்ன தீனி? உடம்பில் ஏறுவது சதையா, கொழுப்பா?

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் வீட்டுச் சீமெந்துத் தொட்டியிலோ வயலோரக் குட்டையிலோ விலாங்கு வளர்த்துப் பார்க்க நினைக்கிறவர்கள் கேட்பது கடைசியில் ஒரே கேள்விதான்: "என்ன போட்டால் கெதியாகப் பெருக்கும்?" பெருப்பது வேறு, வளர்வது வேறு. விலாங்கைப் போல இந்த இரண்டையும் குழப்பிக் காட்டும் மீன் குறைவு. கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை ஜப்பானிய, ஐரோப்பிய விலாங்குகளில் பார்த்தவை. நெடுங்காலமாகப் பண்ணையில் வளர்ந்தவை அந்த இரண்டும்தான். நம் ஆற்று விலாங்குக்கு அவற்றை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல.

நம்ம பக்கம் இருப்பது எந்த விலாங்கு?

இரண்டு இனம். முதுகு ஒரே கரும்பழுப்பாகவும் வயிறு வெளிறியும் இருப்பது அங்குயில்லா பைகலர். உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருப்பது அங்குயில்லா பெங்காலென்சிஸ். பழைய நூல்களில் நெபுலோசா என்று இருக்கும். குஞ்சில் நிறத்தை நம்ப முடியாது. முதுகுச் செட்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். குதத்துக்கு ஏறக்குறைய நேர் மேலே தொடங்கினால் பைகலர், நன்றாக முன்னாலேயே தொடங்கினால் மற்றது. பைகலர் களப்பு, ஆற்றுவாய், தாழ்நிலக் குளம் என்று கரையை ஒட்டியே இருக்கும். மற்றது ஆறேறி உள்நாட்டுக்குப் போகும்.

ஆரல் இந்தக் குடும்பம் அல்ல. பாரில் ஒளிந்திருக்கும் அஞ்சாலை பெரும்பாலும் கடலை விட்டு வராதது. இங்கே பேசுவது கடலில் பிறந்து, மகாவலியும் வெருகல் ஆறும் போன்ற ஆற்றுவாய்களால் நன்னீருக்கு ஏறி, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும் விலாங்கைப் பற்றி மட்டும்.

ஆற்றுவாய்க்கு வரும் குஞ்சின் உடம்பில் என்ன இருக்கும்?

அனேகமாகத் தண்ணீர். விலாங்கின் முதல் பருவம் கண்ணாடி இலை போன்ற தட்டையான குடம்பி. அதன் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும் ஒருவகைப் பசையால் நிறைந்தது. கடலில் மிதந்துவரும் உயிர்க்கழிவுத் துணுக்குகளே அதற்கு இரை. கரையை நெருங்கும்போது உருமாற்றம் நடக்கும்: பசை கரையும், நீர் வெளியேறும், உடம்பு நீளத்திலேயே குறுகி உருண்டையாகும். அந்தக் காலத்தில் அது தின்பதில்லை. குடம்பிப் பருவத்தில் சேர்த்ததைச் செலவழித்தே ஒளி ஊடுருவும் குஞ்சாகக் கரைக்கு வந்து சேரும். ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் குஞ்சு நிற்கும்.

இதனால்தான் பிடித்துவந்த குஞ்சு முதல் நாட்களில் தீனியைத் திரும்பியும் பார்க்காது. அது நோய் அல்ல. ஆனால் கையிருப்பு தீருமுன் தின்னப் பழகாவிட்டால் பிறகு பழகாது. ஐரோப்பிய ஆறுகளில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள்: உடம்பில் இருப்புள்ள குஞ்சுகள் ஆறேறப் பார்க்கின்றன, மெலிந்தவை ஆற்றுவாயிலேயே தங்கிவிடுகின்றன. எங்கே வாழப்போகிறது என்பதையும் ஓரளவு அந்தக் கையிருப்பே முடிவு செய்கிறது.

உடற்கூறு, அதாவது உடம்பு எவற்றால் ஆனது, என்று எதை அளக்கிறார்கள்?

நான்கு: நீர், புரதம், கொழுப்பு, சாம்பல். அரைத்த மீனை 105 பாகை செல்சியசில் எடை நிலைக்கும் வரை காயவைத்தால் குறைந்தது நீர். நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரதம். கரைப்பானில் கரைத்தெடுத்தால் கொழுப்பு. 550 பாகை அளவில் எரித்தபின் மிஞ்சும் கனியுப்பே சாம்பல். எலும்பின் பங்கு அதில்தான் தெரியும்.

அமெரிக்க வேளாண்மைத் திணைக்கள உணவு அட்டவணையில் பச்சை விலாங்குச் சதை 100 கிராமில் நீர் 68, புரதம் 18, கொழுப்பு 12 கிராம் அளவு. இது ஒரு சராசரிதான். மெலிந்த காட்டு விலாங்கில் கொழுப்பு இதில் பாதியும் இராது. பண்ணையில் கொழுத்ததில் 20 வீதத்தையும் தாண்டும். ஒரே இனத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

தீனியை மாற்றினால் இந்த நான்கில் எது மாறும்?

கொழுப்பும் நீரும். புரதத்தின் வீதம் பெரிதாக அசையாது. கொழுப்பு ஏற ஏற நீர் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 80ஐ ஒட்டியே நிற்கும். மீன் உடம்பின் பொதுக்குணம் இது. விலாங்கு கொழுப்பைச் சதைக்குள்ளேயே சேர்ப்பதால் அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. 100 கிராம் விலாங்கு: நீர் 76, கொழுப்பு 6, புரதம் 16, சாம்பல் 2 கிராம். எண்ணெய் கூடிய தீனி போட்டு அது 130 கிராமுக்கு வந்துவிட்டது. இப்போது நீர் 68 வீதம், கொழுப்பு 14 வீதம். புரதம் பழையபடி 16 வீதம், சாம்பலும் பழையபடி 2. தராசில் ஏறிய 30 கிராமைப் பிரித்தால் நீர் 12.4, கொழுப்பு 12.2, புரதம் 4.8, சாம்பல் 0.6 கிராம். கூடிய எடையில் உண்மையான சதைப்புரதம் ஐந்து கிராம்கூட இல்லை. தராசு இதைச் சொல்லாது. "30 கிராம் ஏறிட்டுது" என்று சந்தோஷப்படுகிறவர் அனேகமாகத் தீனியில் போட்ட எண்ணெயைத்தான் திரும்ப நிறுக்கிறார்.

கொழுப்புக் கூடுவது கெட்டது என்று சொல்லவில்லை. வாட்டிச் சாப்பிடும் ஜப்பானியச் சமையலுக்குக் கொழுத்த விலாங்குதான் வேண்டும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் எலும்பும் தசையும் கட்ட வேண்டிய நேரத்தில் கொழுப்பை ஏற்றுவது, என் பார்வையில், காசை ஆற்றில் போடுவதுதான்.

குஞ்சுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

ஜப்பானிய விலாங்கில் 1970களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில் உலர்தீனியில் 45 வீதத்தை ஒட்டிய புரதம் போதும் என்று கண்டார்கள். சிறு குஞ்சுக்கு விற்கும் தீனியில் 50 வீதமும் அதற்கு மேலும் வைப்பார்கள். கோழித்தீனியில் 20 வீதத்தைச் சுற்றித்தான் இருக்கும் என்பதை நினைத்தால் வித்தியாசம் விளங்கும்.

அளவு மட்டும் போதாது, புரதத்துக்கும் சக்திக்கும் உள்ள பொருத்தம் முக்கியம். தீனியில் எண்ணெயோ மாவோ மிகக் குறைந்தால் மீன் புரதத்தையே எரித்துச் சக்தி எடுக்கும். விலை கூடிய மீன்தூள் அமோனியாவாகத் தண்ணீரில் போகும், தொட்டி நாறும். மறுபக்கம் எண்ணெய் மிஞ்சினால், தேவையான புரதம் உள்ளே போகுமுன்பே மீனுக்குப் பசி அடங்கிவிடும். அப்போதுதான் மேலே சொன்ன கணக்கு நடக்கும். அளவான எண்ணெய் புரதத்தைச் சதைக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கும். பண்ணைகளில் தீனியைப் பிசையும் நேரத்தில், மீனின் அளவையும் தண்ணீரின் சூட்டையும் பார்த்து எண்ணெயைக் கூட்டிக் குறைப்பார்கள்.

விலாங்குத் தீனியை ஏன் மாவாகப் பிசைகிறார்கள்? மாவுச்சத்து கொழுப்பாக மாறாதா?

விலாங்கு இரையைக் கவ்வி, உடம்பை முறுக்கிப் பிய்த்துத் தின்னும் சாதி. குருணையைத் தண்ணீரில் தூவினால் சின்னக் குஞ்சு சரியாக எடுக்காது. அதனால் மீன்தூள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு மா நான்கில் ஒரு பங்குக்குள், மிச்சம் விற்றமினும் கனியுப்பும் சேர்ந்த தூளை எண்ணெயும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து உருண்டையாகத் தட்டில் வைப்பார்கள். பதம் கையிலேயே தெரியும்: இழுத்தால் அறுந்து விழாமல் நீள வேண்டும், தண்ணீரில் வைத்ததும் ஓரம் கரைந்து பால்போல் கலங்கக் கூடாது. கலங்கினால் தின்னும் தீனியைவிடத் தண்ணீருக்குப் போகும் தீனி கூட. குஞ்சுகள் கூட்டமாக மொய்த்து, தலையை உருண்டைக்குள் புதைத்து, வாலைச் சுழற்றிப் பிய்க்கும்.

மாவை முழுதாகச் சக்தியாக்கும் திறன் இந்த மீனுக்கு இல்லை. அளவோடு இருந்தால் ஒட்டும் பசையாகவும் கொஞ்சம் சக்தியாகவும் உதவும். மிஞ்சினால் ஈரல் வீங்கும். கிளைக்கோசன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் கொழுப்பும் அங்கேதான் போய் அடையும். கோதுமை மாவைப் பச்சையாகப் போட்டுப் பிசைந்தால் அந்தப் பிடிப்பும் வராது, செரிமானமும் நடக்காது.

ஒளி ஊடுருவும் குஞ்சுக்கு இந்த உருண்டையும் முதலில் பிடிக்காது. ஆசியப் பண்ணைகளில் டியூபிஃபெக்ஸ் என்ற செம்புழுவை வைத்துப் பழக்கி, புழுவைக் குறைத்து மாவைக் கூட்டி மெல்ல மாற்றுவார்கள். ஐரோப்பாவில் கொட் மீனின் சினையில் தொடங்குவது வழக்கம்.

சாளையும் சூடையும் மலிவாகக் கிடைக்குது. அரைத்துப் போட்டால் போதாதா?

ஜப்பானிலும் கூட்டுத்தீனி வருமுன் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவும் பச்சை மீனும்தான் போட்டார்கள். வளரும். ஆனால் இரண்டு வில்லங்கம் உண்டு.

ஒன்று, சாளை, நெத்தலி வகையில் பல மீன்களின் பச்சைச் சதையில் தயமினேஸ் என்ற நொதியம் இருக்கும். அது விற்றமின் பி1ஐச் சிதைக்கும். நாள்கணக்கில் அதையே போட்டால் தின்பது குறையும், நரம்புக் கோளாறு வந்து உடம்பு முறுகும். அவித்தால் நொதியம் செத்துவிடும். ஆகவே அவித்து முள்ளோடு அரையுங்கள். முள்ளின் கல்சியமும் பொசுபரசும் குஞ்சின் எலும்புக்கு வேண்டும்.

மற்றது, எண்ணெய் மீன் வெயிலில் கிடந்தால் கொழுப்பு ஒட்சியேறிக் கறள் வாடை அடிக்கும். கரைவலை இழுத்த மீனில் விலைபோகாமல் மத்தியானம் வரை மணலில் கிடந்ததை "விலாங்குக்குத்தானே" என்று வாங்கிப்போவார்கள். கறள்பட்ட கொழுப்பு விற்றமின் ஈயைத் தின்றுவிடும், ஈரலைக் கெடுக்கும். செத்த குஞ்சொன்றை வெட்டிப் பாருங்கள். நல்ல ஈரல் செங்கபிலமாக, விளிம்பு கூராக இருக்கும். மஞ்சள் பூத்து, விளிம்பு மழுங்கி, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டினால் தீனியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோழிக்குடல்?

"சும்மா கிடைக்குது தம்பி, கடைக்காரன் கொண்டுபோகச் சொல்லி நிக்கிறான்" என்று கிண்ணியாவில் ஒரு நானா சொன்னார். சும்மாதான். ஆனால் குடலோடு வருவது புரதத்தைவிடக் கொழுப்புக் கூட. அதுவும் கோழிக் கொழுப்பு. விலாங்கு கெதியாகத் தடிக்கும், சதை தொளதொளக்கும், தண்ணீர் கெடும். கிருமிப் பயமும் உண்டு. பெரிய விலாங்குக்கு எப்போதாவது அவித்துப் போடலாம். குஞ்சுக்கு வேண்டாம் என்பேன்.

தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும்?

திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் போடுங்கள். விலாங்கு ஊனுண்ணி, அதன் குடல் குட்டை. குட்டையில் தவிடு போட்டு அதில் பெருகும் புழுவையும் கூனியையும் விலாங்கு தின்றால் அது வேறு விஷயம், நல்ல விஷயம்.

தின்னும் கொழுப்பின் வகை உடம்பில் தெரியுமா?

நன்றாகவே தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மீனெண்ணெய் போட்டால் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் சதையில் கூடும். சோயா எண்ணெய் போட்டால் லினோலேயிக் என்ற ஒமேகா-6 கொழுப்பமிலம் ஏறும். ஜப்பானிய விலாங்குக்குத் தீனியில் லினோலேயிக், லினோலெனிக் இரண்டும் அரை வீதம் அளவாவது வேண்டும் என்று சோதித்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெயில் இந்த இரண்டும் இல்லாத குறைதான். அது மட்டும் போட்டால் கொழுப்பு ஏறும், தேவையான கொழுப்பமிலம் ஏறாது.

வளர்க்கும்போது மலிவான எண்ணெயும் விற்பனைக்கு முன் சில கிழமை மீனெண்ணெயும் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கலாம். ஆனால் பழையது அழிந்து புதியது வருவதில்லை. புதியது சேரச்சேரப் பழையதன் பங்கு குறையும், அவ்வளவுதான். கொழுத்த விலாங்கில் அதற்கு நாள் கூட எடுக்கும்.

களப்பில் வளர்வதற்கும் குளத்தில் வளர்வதற்கும் வித்தியாசம் உண்டா?

மிதவெப்ப நாட்டு விலாங்குகளில் உவர்நீரில் வளர்பவை பொதுவாகக் கெதியாக வளர்கின்றன. இறாலும் நண்டும் சிறுமீனும் அங்கே தாராளம் என்பது ஒரு காரணம். குளத்துக் குஞ்சுக்கு நுளம்பினத்துக் குடம்பிகளும் புழுவும் சின்ன நத்தையும் கிடைக்கும். அவற்றில் நீர் கூட, கொழுப்புக் குறைவு. இறக்கக்கண்டிக் களப்பிலும் கந்தளாய்க் குளத்திலும் ஒரே நீளத்தில் பிடித்த இரண்டு விலாங்கு ஒரே எடை நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர் சூடாகவே இருப்பது நமக்கு வாய்ப்பு. குளிர்நாட்டு விலாங்கு மாரியில் தின்பதை நிறுத்திச் சேர்த்த கொழுப்பைச் செலவழிக்கும். இங்கே அந்த ஓய்வு இல்லை. அதே காரணத்தால் பட்டினி போட்டால் இங்கே கெதியாக மெலியும்.

சில நாள் தீனி போடாவிட்டால் என்ன நடக்கும்?

பெரிய விலாங்கு பட்டினியை அசாத்தியமாகத் தாங்கும். முதலில் ஈரலின் கிளைக்கோசன், பிறகு கொழுப்பு, கடைசியில் தசைப்புரதம் என்று செலவாகும். போன கொழுப்பின் இடத்தை நீர் பிடிப்பதால் எடை அவ்வளவு குறைந்ததாகத் தெரியாது. அதில் ஏமாறாதீர்கள். குஞ்சிடம் அந்தக் கையிருப்பு இல்லை. அதோடு பசித்த குஞ்சு பக்கத்துக் குஞ்சைத் தின்னும். பெரியதும் சிறியதும் ஒரே தொட்டியில் கிடந்தால், "சத்தமில்லாமல் எண்ணிக்கை குறையுது" என்ற முறைப்பாட்டுக்குக் கள்ளனைத் தேட வேண்டியதில்லை. அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

விற்குமுன் சில நாள் சுத்தமான ஓடுநீரில் தீனியின்றி விடுவது வேறு. குடல் சுத்தமாகும், சேற்றுவாடை போகும்.

தீனி தலையின் வடிவத்தையும் மாற்றுமாமே?

ஆம். ஐரோப்பிய விலாங்கில் அகன்ற தலையும் ஒடுங்கிய தலையும் உண்டு. ஒளி ஊடுருவும் பருவத்திலிருந்தே சிலவற்றுக்குக் கடினமான பெரிய இரையும் சிலவற்றுக்கு மெல்லிய இரையும் கொடுத்து வளர்த்ததில், கடினமானதைக் கடித்தவற்றின் தலை அகன்றது. தாடைத் தசை தடித்ததன் விளைவு. மெல்லிய மாவுருண்டையிலேயே வளர்ந்தது ஒடுங்கிய தலையோடு நின்றால் ஆச்சரியமில்லை.

ஆணா பெண்ணா என்பதும் தீனியாலா?

நெருக்கமே பெரிய காரணம். நெருக்கி வளர்த்தால் பெரும்பாலும் ஆண். பெண்தான் பெரிதாக வளரும்.

அப்படியென்றால் விலாங்குக்குக் கொழுப்பு எதற்கு?

பயணத்துக்கு. வளர்ந்த விலாங்கு வெள்ளி நிறமாகிக் கடலுக்கு இறங்கும்போது தின்பதை விட்டுவிடும், குடல் சுருங்கும். அதன்பின் நீந்துவதும் முட்டை கட்டுவதும் சேர்த்ததைக் கொண்டுதான். 2005இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஐரோப்பிய விலாங்குகளை நீரோட்டக் குழாயில் 6 மாதம் இரையின்றி நீந்தவிட்டார்கள். 5,500 கிலோமீற்றர் நீந்தி, எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இழந்தன. அந்த ஒரு பயணத்துக்காக வருடக்கணக்கில் சேர்க்கும் உடம்பு இது. தொட்டியில் அளவில்லாமல் போட்டாலும் அது சேர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கொழுப்பில் கரையும் நஞ்சுகள் அதே இடத்தில் தங்கும். ஐரோப்பாவில் அழுக்கான ஆறுகளின் விலாங்கைத் தின்ன வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். தொழிற்சாலைக் கழிவு வரும் வாய்க்கால் மீனைத் தீனியாக்கினாலும் விளைவு அதுவே.

ஆற்றுவாயில் அத்தாங்கு போட்டுக் குஞ்சு பிடித்து வளர்க்கலாமா?

பிடிக்குமுன் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்படி நீருயிரின வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையில் விசாரிக்கலாம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். உலகில் எந்தப் பெரிய விலாங்குப் பண்ணையும் தன் குஞ்சைத் தானே பொரிப்பதில்லை. எல்லாம் ஆற்றுவாயில் பிடித்தவை. ஜப்பானில் 2010இல் ஆய்வுகூடத்திலேயே பொரித்து வளர்த்த விலாங்கின் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறையை எடுத்துக் காட்டினார்கள். ஆனால் குடம்பிக்குச் சுறா முட்டைக் கூழ் ஊட்டி வளர்க்கும் அந்த வழி செலவும் சிரமமும் கூடியது. ஐரோப்பிய விலாங்கு அருகிப்போனதும் வியாபாரிகளின் பார்வை வெப்பவலயத்துப் பைகலர் பக்கம் திரும்பியிருக்கிறது. கொட்டியாரக்குடாவில் பிடிக்கும் ஒவ்வொரு பிடி குஞ்சும் மகாவலியில் ஏறாமல் போகும் விலாங்கு. வளர்க்கத்தான் போகிறீர்களென்றால் சாகவிடாத அளவுக்காவது தீனியைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

என் விலாங்கு கொழுத்ததா வளர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீளத்தையும் எடையையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். நீளம் நின்று எடை மட்டும் ஏறினால் கொழுப்பு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வுகூடம்தான். முழுப் பரிசோதனைக்குக் காசில்லையென்றால் நீரின் அளவை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். 80இலிருந்து அதைக் கழித்தால் கொழுப்பு ஏறத்தாழ வந்துவிடும்.

மாதிரி கொடுக்கும்போது ஒரே தொட்டியில் ஒரே நாளில் எடுத்த பல குஞ்சுகளைச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் நாள் தீனி போடாதீர்கள், இல்லாவிட்டால் குடலில் கிடக்கும் மாவும் கணக்கில் ஏறும். மேலிலுள்ள வழுவழுப்பைத் துடைத்து, காற்றுப்புகாத பையில் கட்டி, ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். பைக்குள் ஐஸ் தண்ணீர் புகுந்தால் நீரின் அளவு பிழைத்துவிடும். குஞ்சை முழுதாக அரைக்கவா, சதையை மட்டும் எடுக்கவா என்று ஆய்வுகூடத்தில் கேட்பார்கள். முழுதாக என்று சொல்லுங்கள், அடுத்த முறையும் அதையே சொல்லுங்கள். பச்சை இரத்தம் கண்ணிலோ கைக்காயத்திலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விலாங்கின் இரத்தத்தில் நஞ்சுண்டு, சமைத்தால்தான் அது அழியும்.